டேட்டாவ எக்ஸ்போர்ட் பண்ணி குடுன்னா குடுத்துட வேண்டியதுதானா? (தஞ்சாவூர் பக்கம் ஐடில இருக்கவங்க வாங்க)

வெண்ணாத்தங்கரை · வெள்ளி இரவு 9.40

கம்பெனி பேர் கேக்காதீங்க, சின்ன கம்பெனி, சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும். நான் பேக்எண்ட் (சர்வர், டேட்டாபேஸ் பக்கம்) பாக்குறேன், தஞ்சாவூர்லேர்ந்துதான் வேலை. விவசாயிங்களுக்கான ஆப். மழை வருமா, குருத்துப்பூச்சிக்கு எப்ப மருந்து அடிக்கணும், மேலுரம் எப்ப போடணும், பக்கத்து டிபிசி (நெல் கொள்முதல் நிலையம்) தெறந்துட்டாங்களா, இந்த மாதிரி சொல்லும். பதிலுக்கு நாங்க வாங்குறது போன் நம்பர், வருவாய் கிராமம், சர்வே நம்பர், எத்தன மா நிலம், குறுவையா சம்பாவா தாளடியா. அப்பறம் ஒரு கேள்வி, நிலம் சொந்தமா குத்தகையா, குத்தகைன்னா எழுத்தா வாய்மொழியா. பயிர்க்காப்பீட்டுக்கு என்ன பேப்பர் வேணும்னு ஆளுக்கேத்த மாதிரி சொல்றதுக்காக வெச்ச கேள்வி அது, நல்ல எண்ணத்துலதான் வெச்சாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இப்ப கடன் குடுக்குற ஒரு கம்பெனியோட டை-அப் ஆகிருக்கு. டேபிள் முழுசும் எக்ஸ்போர்ட் பண்ணி குடு, போன் நம்பர மட்டும் ஹாஷ் பண்ணிடு (நம்பருக்கு பதிலா அதுலேர்ந்து கணக்கு போட்டு வர்ற புரியாத எழுத்துக்கோவைய வெக்கிறது), ப்ரைவசி பிரச்சனை முடிஞ்சுதுன்னு மேனேஜர் சொல்றார். டிக்கெட் (இந்த வேலைய ஒதுக்குற சீட்டு) என் பேர்ல இருக்கு. க்வெரி எழுத பத்து நிமிஷம் கூட ஆவாது, ஆனா கை வரல. இன்ஸ்டால் பண்றப்ப வர்ற பக்கத்துல "பங்குதாரர்களுடன் பகிரப்படலாம்"னு ஒரு வரி இருக்கு, அத ஒரு விவசாயியும் படிச்சிருக்க மாட்டாரு.

நான் கேக்குறது இதான். எழுதுறவன் நான், முடிவு எடுக்குறவங்க மேல இருக்காங்க. அந்த டேட்டா போய் என்ன ஆவுதோ அதுல எனக்கு பங்கு உண்டா இல்லயா?

மன்னை_மைனர் · 9.58

இல்ல. தூங்கு.

வடவாத்துல லஸ்கர் (மதகு பாக்குறவரு) ஷட்டர தூக்குறாரு, ஏ.இ. (பாசன எஞ்சினியர்) சொன்னாரு தூக்குறாரு. தண்ணி போய் யார் வயல்ல நின்னுச்சுன்னு லஸ்கர் சட்டையவா புடிப்ப? சம்பளம் வாங்குறோம், டிக்கெட்ட க்ளோஸ் பண்றோம், அவ்ளோதான் நம்ம வேல. வீட்டு லோன் கட்டுறவனுக்கு மனசாட்சியெல்லாம் அஞ்சாந்தேதி ஈஎம்ஐ போனப்பறம்தான் எட்டிப் பாக்கும்.

பூண்டி_பொண்ணு · 10.11

மைனர் அண்ணே இந்த லஸ்கர் கதைய நீங்க டெல்டாக்காரங்ககிட்ட சொல்லிருக்கவே கூடாது 😄 எங்க ஊர்ப்பக்கம் வயல் முழுவுனா மொத சட்டைய புடிக்கிறது லஸ்கரத்தான். ஏன்னா எந்த மதக தூக்குனா எவன் நாத்து அழுவும்னு ஏ.இ.க்கு தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

நானும் ஐடிதான், டெஸ்டிங். ஆனா இதுல நான் பேசுறது ஐடியா இல்ல. எங்க வீடு குத்தகை வீடு. அப்பா சாகுபடி பண்றது தனியார் நிலம், தாத்தா காலத்துலேர்ந்து அதே நிலம், ஒரு துண்டு சீட்டு கெடையாது. அறுப்பு முடிஞ்சதும் இத்தன மூட்டைன்னு அளந்துட்டு வந்துடுவாரு, ரசீதுன்னு வாயத் தெறந்தா அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது. உங்க ஆப்புல "குத்தகை, வாய்மொழி"ன்னு அப்பா தட்டிருப்பாரு, ஏன்னா அது கேக்குறது மழை சொல்ற போனுதானேன்னு நெனச்சிருப்பாரு. அந்த வரி நிலத்துக்காரர் கண்ணுல பட்டா என்ன ஆவும்னு உங்க மேனேஜருக்கு தெரியுமா?

காவிரிக்கரை_கணக்கு · 10.34

நான் ரிட்டயர்டு வி.ஏ.ஓ. கம்ப்யூட்டர் சமாச்சாரம் அவ்வளவா தெரியாது, ஆனா இந்த விஷயம் தெரியும்ங்கறதால எழுதுறேன். அந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் வாஸ்தவம்.

சாகுபடி பண்ற குத்தகைதாரர இஷ்டத்துக்கு வெளியேத்த முடியாதுன்னு 1955லயே பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு. 1969ல குத்தகை உரிமைய பதிவேட்டுல ஏத்தணும்னு இன்னொரு சட்டம். பேர் பதிவாயிட்டா அந்தாளுக்கு சட்டப்படி பிடிமானம் வந்துடும், அதனாலயே நிலம் வெச்சிருக்கவங்க பதிய விட மாட்டாங்க. ரெண்டு போகத்துக்கு ஒருக்கா ஆள மாத்துறவங்களும் இருக்காங்க. அடங்கல்ல (ஊர் சாகுபடிக் கணக்குல) சாகுபடிதாரர் பேர நேர்மையா எழுதப் போனா சாயங்காலமே வாசல்ல ஆள் வந்து நிக்கும், "என்ன சார் புதுசா எழுதுறீங்களாமே"ன்னு. இது எனக்கு மட்டும் நடந்ததில்ல, டெல்டால வேல பாத்த எந்த வி.ஏ.ஓ.வ வேணா கேளுங்க.

ஊர்க்கணக்கு யார் கையில இருக்கோ அவர் வெச்சதுதான் சட்டம்னு ஒரு காலம் இருந்துச்சு. கர்ணம் வேல பரம்பரையா ஒரே குடும்பத்துல ஓடுச்சு, 1980ல எம்.ஜி.ஆர். அத ஒழிச்சாரு, அப்பறம் வந்தவங்கதான் நாங்க. இப்ப தம்பி சொல்றத படிச்சா அந்தக் கணக்கு ஒரு தனியார் கம்பெனி கைக்கு வந்துருக்குன்னு தெரியுது. கவர்மெண்டுகிட்ட பட்டாதாரர் பேர் இருக்கு. உண்மையில ஏர் புடிக்கிறவன் யாருங்கறது கவர்மெண்டுகிட்டயே முழுசா கெடையாது. உங்ககிட்ட இருக்கு. அத நெனச்சு பாருங்க.

மன்னை_மைனர் · 10.41

சார் வணக்கம். மரியாதையோட சொல்றேன், எல்லாமே ஏற்கனவே வெளியதான் கெடக்கு. உழவன் ஆப் 2018லேர்ந்து இருக்கு, போன வருஷம் முந்துன வருஷம் விவசாயி அடையாள எண்ணுக்கு கேம்ப் போட்டு ஆதாரும் பட்டாவும் வாங்குனாங்க, டிபிசில நெல்லு போடவே ஆன்லைன்ல பதியணும். இதுல இவன் ஒருத்தன் எக்ஸ்போர்ட் பண்ணலன்னா என்ன காவேரி திரும்பியா ஓடும். இவன் இல்லன்னா பக்கத்து சீட்டுக்காரன் பண்ணுவான், இவனுக்கு அப்ரைசல் போவும், அதான் மிச்சம்.

பூண்டி_பொண்ணு · 10.47

அண்ணே அந்த கேம்ப்ல எங்கப்பாவால பதியவே முடியல, பட்டா இல்லல்ல. சார் சொன்னதும் அதத்தான். நீங்க சொன்ன லிஸ்ட்ல எதுலயுமே இல்லாத தகவல்தான் இவரு டேபிள்ல இருக்கு.

ஓஎம்ஆர்ல_ஒரத்தநாட்டான் · 11.20

லேட்டா வந்தேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல டேட்டாபேஸ்ல குப்பை கொட்டுறவன்ங்கற முறையில ரெண்டு மூணு விஷயம்.

மொதல்ல அந்த ஹாஷ். நம்ம நாட்டு மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9ல எதாவது ஒண்ணுல ஆரம்பிக்கும். அப்ப மொத்தம் எத்தன நம்பர் இருக்க முடியும்? 400 கோடி. கேக்க பெருசா இருக்கும், ஆனா கேமிங் லேப்டாப்ல இருக்க கிராபிக்ஸ் கார்டு 400 கோடிக்கும் ஹாஷ் போட்டு மேட்ச் பாக்க சில நிமிஷம்தான் எடுக்கும். அதுக்கும் மேல, கடன் கம்பெனிகிட்ட ஏற்கனவே நம்பர் லிஸ்ட் இருக்கும், அவங்க அதே ஹாஷ போட்டு ரெண்டு லிஸ்டயும் ஜாயின் பண்ணா வேல முடிஞ்சுது, உடைக்கக்கூட வேணாம். ஜாயின் பண்ணணும்ங்கறதுக்காகத்தான் ஹாஷ் கேக்குறாங்கன்னு என் சந்தேகம். நம்மகிட்ட மட்டும் இருக்க ரகசிய கீய சேத்து போட்டா அது வேற கத, ஆனா அப்படி குடுத்தா அவங்களுக்கு பிரயோஜனமே இல்ல, வேண்டாம்னுடுவாங்க.

சரி, போன் நம்பரயே தூக்கிட்டோம்னு வெச்சுக்குவோம். சர்வே நம்பர் இருக்கே? மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் போட்டா பட்டா யார் பேர்ல இருக்குன்னு கவர்மெண்டோட இ-சேவை தளத்துலயே பாக்கலாம். அப்ப உங்க எக்ஸெல் படிக்கிறவனுக்கு நிலத்துக்காரர் பேரு ரெண்டு கிளிக்ல வந்துடும், பக்கத்து கட்டத்துல "வாய்மொழிக் குத்தகை"ன்னு இருக்கும். ஒரு சின்ன ஊர்ல அந்த சர்வே நம்பர்ல யாரு சாகுபடி பண்றான்னு டீக்கடைல கேட்டா சொல்லப் போறாங்க. பேர் எடுத்துட்டா ஆள் மறைஞ்சுடுவான்னு நெனைக்கிறது பட்டணத்து கணக்கு, நம்ம ஊருக்கு ஆவாது.

பட்டணத்துக்கே ஆவலங்கறது வேற விஷயம். 2006ல அமெரிக்கால ஏஓஎல் கம்பெனி ஆறரை லட்சம் பேர் தேடுன தேடல் வார்த்தைகள, பேருக்கு பதிலா நம்பர் போட்டு ஆராய்ச்சிக்குன்னு வெளியிட்டுச்சு. நியூயார்க் டைம்ஸ்காரங்க அந்த வார்த்தைகள வெச்சே ஒரு அம்மா வீட்டு வாசலுக்கு போயிட்டாங்க. அதுல கம்பெனியோட சிடிஓ (தொழில்நுட்பத் தலைவர்) ராஜினாமா, கூடவே அந்த டேட்டாவ வெளிய விட்ட ஆராய்ச்சியாளருக்கும் அவர் மேல இருந்தவருக்கும் வேல போச்சு. மேல இருக்கவன் முடிவெடுத்தா நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மைனர் சொல்றாருல்ல, அதுக்காக சொன்னேன்.

சட்டம் நாளைக்கு எழுதுறேன், தூக்கம் வருது.

நாகூர்_நைட்ஷிஃப்ட் · சனி அதிகாலை 2.15

எல்லாரும் தூங்கிட்டீங்க, எனக்கு இப்பதான் ப்ரேக்.

கடன் வசூல் ப்ராசஸ்ல கொஞ்ச நாள் இருந்தேன், இப்ப வேற ப்ராசஸ். அங்க எங்களுக்கு ஸ்க்ரீன்ல வர்ற தகவல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டதும் இல்ல. பேரு, பாக்கி, "மாற்று தொடர்பு"ன்னு ரெண்டு மூணு நம்பர். கடன் வாங்குனவங்க எடுக்கலன்னா மாற்று தொடர்ப அடிக்கணும். அது யாருன்னு பாத்தா மாமியாரா இருக்கும், வேல பாக்குற எடத்து மொதலாளியா இருக்கும். ஆப் இன்ஸ்டால் பண்றப்ப காண்டாக்ட் லிஸ்ட மொத்தமா உறிஞ்சிருப்பாங்க. அது எவ்ளோ பேர் மானத்த வாங்குச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, சில பேர் உயிரே போச்சு. 2022 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் விதி போட்டு காண்டாக்ட், கால் லிஸ்ட், போட்டோ எதையும் கடன் ஆப் தொடக்கூடாதுன்னுச்சு, அடுத்த வருஷம் கூகுளும் ப்ளே ஸ்டோர்ல தடை போட்டுச்சு. 2025ல நம்ம ஸ்டேட்லயும் கட்டாய வசூலுக்கு எதிரா சட்டம் வந்துச்சு.

நான் சொல்ல வர்றது வேற. போன்லேர்ந்து நேரா எடுக்கக்கூடாதுன்னு ஆனதும் வேற வழி தேடுவாங்கல்ல. உங்க ஆப் மாதிரி எடம்தான் அந்த வழி. இந்த டேபிள் என் பழைய ஸ்க்ரீன்ல வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாத்தேன். "குத்தகைதாரர், நிலத்துக்காரர் இன்னார்." தவணை ரெண்டு மாசம் தவறுனா பசங்கள எங்க அனுப்புவாங்க? குத்தகைக்காரர் வீட்டுக்கு இல்ல, நிலத்துக்காரர் வீட்டுக்கு. "உங்க நிலத்துல சாகுபடி பண்றவரு எங்களுக்கு பாக்கி வெச்சிருக்காரு, கொஞ்சம் சொல்லுங்க சார்"னு. ஒரு கெட்ட வார்த்த கெடையாது, சட்டப்படி மெரட்டல்னு ஒண்ணுமே இருக்காது. ஆனா அந்தாளு கத அன்னைக்கே முடிஞ்சுது.

இத எழுதுன ப்ரோக்ராமர் யாருன்னு வசூல் பண்ற பையனுக்கு தெரியாது, வசூல் நடக்குறது ப்ரோக்ராமருக்கு தெரியாது. ப்ரேக் முடிஞ்சுது, வர்றேன்.

வெண்ணாத்தங்கரை · சனி காலை 7.05

நாகூர் பாய், இத படிச்சிட்டு காபி இறங்கல.

பட்டீஸ்வரம்_பையன் · 8.30

நான் காலேஜ் பையன், தப்பா இருந்தா திட்டாதீங்க அண்ணா. இதே மாதிரி ஒரு கேள்விய ரெண்டாம் உலகப்போர் சமயத்துல சந்திச்சிருக்காங்க. பிரான்ஸ்ல ரெனே கார்மில்னு ஒரு ராணுவ அதிகாரி, நாட்டு புள்ளிவிவர துறை அவர் கைல இருந்துச்சு, பஞ்ச் கார்டு மெஷின் வெச்சு ஜனங்க கணக்க போடுறது. யூதரா இல்லயான்னு காட்டுற கட்டம் ஒண்ணு கார்டுல இருந்துச்சு, அத ஓட்டை போடாமலே இழுத்தடிச்சாருன்னு சொல்றாங்க. 1944ல கைது பண்ணி டாக்காவ் முகாம்ல அடைச்சாங்க, அடுத்த வருஷம் ஜனவரில இறந்துட்டாரு. நெதர்லாந்துல மக்கள் பதிவேடு ரொம்ப நேர்த்தியா இருந்துச்சு, மதத்தோட. அத போர் வரும்னு நெனச்சு யாரும் உண்டாக்கல, சாதாரண நிர்வாகத்துக்குத்தான். 1943 மார்ச்ல எதிர்ப்பு இயக்கத்துக்காரங்க ஆம்ஸ்டர்டாம் பதிவு ஆபீசுக்கே வெடி வெச்சாங்க, ஆனா எரிஞ்சது கொஞ்சம்தான். அந்த நாட்டு யூதர்கள்ல முக்கால்வாசி பேர் கொல்லப்பட்டாங்க, பிரான்ஸ்ல கிட்டத்தட்ட கால்வாசி. பதிவேடு மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, வேற காரணமும் நெறைய இருக்கு.

2016 டிசம்பர்ல அமெரிக்கால ரெண்டாயிரத்துக்கு மேல ஐடிக்காரங்க, மதம் பாத்து ஆள பிரிக்கிற டேட்டாபேஸ் நாங்க கட்ட மாட்டோம்னு கையெழுத்து போட்டாங்களே, அவங்களும் அந்தக் கால யூதப் படுகொலைய சொல்லிக் காட்டுனாங்க.

மன்னை_மைனர் · 8.44

தம்பி நல்லா படிக்கிற, நல்லா வருவ. ஆனா நெல்லு ஆப்புக்கு ஹிட்லரா? வெண்ணாத்தங்கரை இப்ப என்ன பண்ணணும்ங்கற, சர்வருக்கு வெடி வெக்கணுமா? 2000 பேர் சேந்து கையெழுத்து போட்டா அது செய்தி. தஞ்சாவூர்ல ஒரு ரூம்ல பதினஞ்சு பேர் இருக்க கம்பெனில ஒருத்தன் மாட்டேன்னா அது ராஜினாமா. அடுத்த வேலைக்கு அவன் மெட்ராஸ்தான் போவணும். அப்பா அம்மாவ யார் பாக்குறது? பெரிய ஊர் நியாயத்த சின்ன ஊர்க்காரன் தலைல கட்டாதீங்கன்னுதான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்.

பூண்டி_பொண்ணு · 8.52

இந்த பாயிண்ட்ட ஒத்துக்குறேன் அண்ணே. மேலவஸ்தாசாவடில மினி டைடல் பார்க் தொறந்தப்ப (2024ல) ஊரோட இருக்கலாம்னு எத்தன பேர் சந்தோஷப்பட்டோம். இங்க வேல விட்டா அடுத்த வேல அடுத்த தெருவுல இல்ல. பொறுப்பு இருக்குன்னு சொல்றதும் வேலைய விடுன்னு சொல்றதும் ஒண்ணா?

ஓஎம்ஆர்ல_ஒரத்தநாட்டான் · 10.05

ஒண்ணு இல்ல. நடுவுல நெறைய எடம் இருக்கு.

சட்டம் சொல்றேன்னேன்ல. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது நீதிபதிங்க சொன்னாங்க. டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, கம்பெனிங்களோட முக்கியமான கடமைகளுக்கு அதுலேர்ந்து 18 மாசம் டைம். அதோட சாரம் என்னன்னா எதுக்குன்னு சொல்லி வாங்குனமோ அதுக்குத்தான் பயன்படுத்தணும், ஒப்புதல் தெளிவா இருக்கணும். அபராதம் 250 கோடி வரைக்கும் போவலாம், ஆனா அது கம்பெனிக்கு, ப்ரோக்ராமருக்கு இல்ல. அத கேட்டு மைனர் சந்தோஷப்படுவாரு, கொஞ்சம் இருங்க. ஐடி சட்டத்துல 72ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. ஒப்பந்தப்படி சேவை குடுக்குறப்ப கெடச்ச அடுத்தவங்க தகவல, அவங்களுக்கு நஷ்டம் வரும்னு தெரிஞ்சே, சம்மதமில்லாமயோ ஒப்பந்தத்த மீறியோ வெளிய குடுத்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். அதுல "எந்த ஒரு நபரும்"னு இருக்கு, கம்பெனின்னு மட்டும் இல்ல. நம்ம கேஸுக்கு பொருந்துமான்னு வக்கீல்தான் சொல்லணும், ஆனா "தெரிஞ்சே"ங்கற எடத்த கவனிங்க. இந்த இழைய படிச்சப்பறம் வெண்ணாத்தங்கரைக்கு தெரியாதுன்னு சொல்ல முடியாது 🙂

வெளிநாட்டுல இது நடந்தே இருக்கு. ஃபோக்ஸ்வாகன் கார் புகை மோசடில ஜேம்ஸ் லியாங்னு ஒரு எஞ்சினியருக்கு 2017ல அமெரிக்க கோர்ட் 40 மாசம் ஜெயில் குடுத்துச்சு, கம்பெனிக்கு விசுவாசமா இருந்தாருன்னு வக்கீல் சொல்லியும் எடுபடல. ஊபர்ல 2016ல 5.7 கோடி பேரோட டேட்டா போனத மறைச்சதுக்கு அதோட பாதுகாப்பு தலைவர் ஜோ சல்லிவன 2022ல குத்தவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க. இங்க நம்மாளு கம்பெனிய காட்டிக்குடுத்தா பாதுகாப்பு இருக்கான்னா பெருசா ஒண்ணும் இல்ல. 2014ல வந்த தகவல் வெளியிடுவோர் பாதுகாப்பு சட்டம் அரசாங்க ஊழல் புகாருக்குத்தான், அதுவும் இன்னும் அமலுக்கே வரல. அதனால வீரமா ஒண்ணும் பண்ண வேணாம்.

என்ன பண்ணலாம்னா, மாட்டேன்னு சொல்லாம வேற ஒண்ண செஞ்சு குடுக்கலாம். கடன் கம்பெனிக்கு உண்மையில என்ன வேணும்? எந்த பகுதியில எவ்ளோ சாகுபடி, எவ்ளோ பேருக்கு கடன் தேவை. அதுக்கு சர்வே நம்பர் எதுக்கு? பிர்கா (சில கிராமங்கள் சேந்த வருவாய் பகுதி) வாரியா தொகுத்து குடுங்க, அதுலயும் பத்து பேருக்கு கொறஞ்ச வரிசைய எடுத்துடுங்க. குத்தகை விவரம் வெளிய போற வியூல இருக்கவே கூடாது. கடன் வேணும்ங்கற விவசாயிக்கு ஆப்லயே தமிழ்ல ஒரு கேள்வி வைங்க, "உங்க விவரத்த இந்த கம்பெனிக்கு அனுப்பலாமா"ன்னு, சரின்னவங்கள மட்டும் அனுப்புங்க. இத ஒரு பக்க மெயிலா எழுதி மேனேஜருக்கும் அவருக்கு மேல இருக்கவருக்கும் போடுங்க, 250 கோடிய மொத வரில வைங்க. நியாயம் பேசுனா படிக்க மாட்டாங்க, அபராதம்னா படிப்பாங்க.

இன்னொண்ணு, இதெல்லாம் பேசுறதுக்கு சரியான நேரம் டேபிள் உண்டாக்குன அன்னைக்கு. காப்பீட்டுக்கு என்ன பேப்பர் வேணும்னு சொல்லணும்னா கேட்டு, பதில் சொல்லி, அழிச்சிருக்கலாம். சேமிச்சு வெச்சதாலதான் இன்னைக்கு ஒருத்தன் கேக்குறான். டிசைன் ரிவ்யூல "இந்த விவரம் எதுக்கு, எப்ப அழிப்போம்"னு கேக்குறதுக்கு எந்த ஊர்லயும் வேல போவாது.

மட்டுறுத்துநர் · 10.20

தனிச்செய்தில கம்பெனி பேர் ஊகிச்சு அனுப்புறவங்க நிறுத்தவும். இங்கயும் போட வேணாம்.

மன்னை_மைனர் · 10.31

பிர்கா ஐடியா நல்லாருக்கு. இத மொதல்லயே சொல்லிருந்தா நான் இவ்ளோ கத்திருக்க மாட்டேன். வேலையும் போவக்கூடாது, பூண்டி பொண்ணு அப்பாவுக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது, அவ்ளோதான் எனக்கு.

காவிரிக்கரை_கணக்கு · 11.15

ஒரத்தநாட்டார் சொல்ற "எப்ப அழிப்போம்" எனக்கு புதுசு, எங்க ஆபீஸ்ல அழிக்கவே கூடாதுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா ஒண்ணு. 2020ல பி.எம். கிசான் பணம் தகுதியில்லாத லட்சக்கணக்கான பேருக்கு போய் 110 கோடி ரூபாய் மோசடின்னு வந்துச்சே, நெனவிருக்கா? யாரும் பூட்ட உடைக்கல. ஆபீஸ் லாகினும் பாஸ்வேர்டும் வெளி ஆள் கைக்கு போயிருந்துச்சு, அவ்வளவுதான். தம்பி அனுப்புற கோப்ப எவ்வளவு சுத்தமா செஞ்சாலும், உள்ள இருக்க முழுக் கணக்க யார் யார் தொறக்கலாம்னு பாத்தீங்களா?

வெண்ணாத்தங்கரை · ஞாயிறு இரவு 8.50

மெயில் போட்டாச்சு, ஒரத்தநாட்டார் அண்ணன் சொன்ன மாதிரியே. டிக்கெட்ல "ப்ளாக்டு, ஒப்புதல் தெளிவு வேணும்"னு போட்டு வெச்சிருக்கேன். மேனேஜர் போன் பண்ணி "நாளைக்கு பேசுவோம், நீ ஏன் மேல இருக்கவர சிசில போட்ட"ன்னார். கோவமாத்தான் இருக்கார், ஆனா கண்டிப்பா குடுன்னு சொல்லல.

வி.ஏ.ஓ. சார், நீங்க கேட்டீங்கன்னு இன்னைக்கு உக்காந்து பாத்தேன். ப்ரொடக்ஷன் டேட்டாபேஸுக்கு லாகின் எல்லா டெவலப்பருக்கும் ஒண்ணேதான், வேலைய விட்டு போனவங்களுக்கும் அது தெரியும். அதுகூட மாத்திடலாம். டெமோவுக்காக எடுத்த முழு டம்ப் (டேட்டாபேஸோட நகல்) ஒண்ணு சேல்ஸ் டீம் ட்ரைவ்ல கெடக்கு, சர்வே நம்பரோட, குத்தகை விவரத்தோட, போன் நம்பர் ஹாஷ் கூட இல்லாம. யார் யாருக்கு ஷேர் ஆயிருக்குன்னு பாத்தா லிங்க் இருந்தா யார் வேணா பாக்கலாம்னு இருக்கு.

நாகூர்_நைட்ஷிஃப்ட் · 9.02

அந்த லிங்க மொதல்ல மூடு. நாளைக்கு பேசுறது அப்பறம்.